ஐம்பத்திரண்டில் பதினேழு போனால்

ஆகஸ்ட் 4

முதுகலை வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் இருபதுகளில் இருக்கிறார்கள். பாடம் புரிகிறது. ஆனால் பாடம் கேட்கவா ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்தேன்? முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கழித்தலில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதை ஆராய வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது?

ஆகஸ்ட் 7

பிள்ளைகள் கணக்குக் கற்பதை ஆராயும் பேராசிரியையின் அறைக்குப் போனேன். என் மகளைவிடச் சின்னவர். "ஆர்வம் இருக்குன்னு நிறைய பேர் வராங்க. என் கட்டுரை ஏதாவது படிச்சிருக்கீங்களா?" என்றார். இல்லை. வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் போல நின்றேன்.

ஆகஸ்ட் 19

மூன்று கட்டுரைகளைப் படித்து, புரியாத இடங்களைக் கேள்வியாக எழுதிக்கொண்டு போனேன். இரண்டாவது கேள்வியில் நாற்காலியைக் காட்டினார். ஓர் ஆய்வு மாணவிக்கு உதவியாகச் சேர்த்துவிட்டார். வேலை இதுதான்: பள்ளிக்குப் போய், ஒவ்வொரு பிள்ளையையும் ஐம்பத்திரண்டில் பதினேழைக் கழிக்கச் சொல்ல வேண்டும். விடை எதுவானாலும், "எப்படிப் போட்டே?" என்று மட்டும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

மனைவி சிரித்தாள். "வேற எதுவும் பேசக் கூடாதா? நீங்களா?"

செப்டம்பர் 12

முப்பது பிள்ளைகள் முடிந்தது.

செப்டம்பர் 15

பதிவுகளைக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். ஒரு பிள்ளை, "நாப்பத்தஞ்சு" என்கிறது. ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. இந்த மாதிரித் தவறுதான் எங்களுக்கு வேண்டும். அடுத்து என் குரல்: "ம்... நல்லாப் பார்த்தியா கண்ணு?" உடனே அது, "இல்ல சார், முப்பத்தஞ்சு!"

அடுத்த பதிவும் அப்படியே. அதற்கடுத்ததும். முப்பதில் இருபத்தாறு! சத்தியமாக எனக்கு நினைவே இல்லை. வாய் தானாகச் சொல்லியிருக்கிறது.

செப்டம்பர் 16

எழுதும்போது என் பேச்சை மட்டும் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? சொன்னால் கழற்றிவிடுவார்கள். இந்த வயதில் வேறு யார் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள்? சொல்லாவிட்டால் — பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்கிறார்கள் என்று கட்டுரை வரும். அவர்கள் எங்கே திருத்தினார்கள்? என் முகத்தைப் பார்த்து மாற்றினார்கள்!

"காப்பியடிச்சு மாட்டினவன் மாதிரி முழிக்கிறீங்களே," என்றாள் மனைவி. சொன்னேன். "போய்ச் சொல்லிடுங்க. திட்டினா வாங்கிக்குங்க. நீங்க திட்டாத திட்டா?"

செப்டம்பர் 17

ஆய்வு மாணவி நாலு பதிவு கேட்டாள். நிமிரவே இல்லை. "டிசம்பர்ல ஆய்வேட்டைக் கொடுத்தாகணும் சார். இருபத்தாறும் போச்சே." பிறகு, "நீங்க எழுதினதை மட்டும்தான் நான் பார்த்திருப்பேன். ஏன் சொன்னீங்க?"

பேராசிரியையிடமும் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 18

பேராசிரியையிடமிருந்து தகவல் இல்லை.

செப்டம்பர் 22

பேராசிரியை கூப்பிட்டார். "இருபத்தாறையும் தூக்கிப் போட்டாச்சு. வேற பள்ளிக்கூடம் போங்க, புதுப் பிள்ளைங்க. இந்தத் தடவை அவளும் பக்கத்துல உட்காருவா. நீங்க 'ம்'னு ஆரம்பிச்சா கால்ல மிதிக்கச் சொல்லியிருக்கேன்."

அப்பாடா.

அக்டோபர் 9

இன்று ஒன்பது பிள்ளைகள். ஏழு பேருக்குத் தப்பு. ஒரு சிறுமி நாற்பது என்றாள். எப்படிப் போட்டே என்றேன். "ரெண்டுல ஏழு போகாதுல்ல சார்? போகாதுன்னா அங்க ஒண்ணுமில்ல. அதான் சைபர். அஞ்சுல ஒண்ணு போனா நாலு."

இந்த நாற்பதை எத்தனை நோட்டில் சிவப்பு மையால் அடித்திருப்பேன்!

"சரியா சார்?" என்று என் முகத்தையே பார்த்தாள். நன்றி சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.