வாசித்துவிட்டு வைத்த கையெழுத்து

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரமணிக்கு அப்பா எழுதுவது.

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னித்துக்கொள். வரி ஏறுகிறது, இறங்குகிறது. மூன்று நாளாக எழுதுகிறேன். ஆனாலும் இது யாரும் எழுதித் தந்ததல்ல. கொன்ஸ்ரன்ஸ் ரீச்சரின் சனிக்கிழமை வகுப்பில் படித்து நானே எழுதுவது. இப்போது மட்டக்குளி பஸ்ஸின் போர்டை அது நிற்பதற்கு முன்பே வாசித்துவிடுகிறேன். சத்தமாக வாசிப்பதால் கண்டக்டர் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

எனக்குச் சுகம். உன் மகள் விசாலிக்கும் சுகம். அவளுடைய பயணத்தைப் பற்றித்தான் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் கித்துல்கலைக்குக் கூட்டிப்போகிறார்கள். மூன்று நாள். றப்பர் படகில் பாறைகளுக்கு நடுவே ஆற்றில் போவார்களாம், கயிற்றில் தொங்குவார்களாம், கூடாரத்தில் படுப்பார்களாம். சாகசம் என்று பெயர். நான் புறக்கோட்டையில் சுமை தூக்கும் நாட்டாமையாக முப்பது வருடம், மழையில் வழுக்கும் பலகையில் மூட்டையோடு லொறிக்கு ஏறினேன். பிள்ளைகள் விரும்பிப் போய் வழுக்கி விழுவது எதற்கு?

அதற்குச் சம்மதப் பத்திரம் ஒன்று வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். விபத்தோ உயிர்ச்சேதமோ ஏற்பட்டால் பள்ளிக்கூடம் பொறுப்பல்ல என்று போட்டிருந்தது. நான்கு தரம் வாசித்தும் அதேதான். முந்தி என்றால் பெருவிரலை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பேன்.

விசாலி, "எல்லார்ர வீட்டிலயும் வாசிக்காமலே சைன் பண்ணிட்டாங்க தாத்தா, நீங்க மட்டும் சோதினைக்குப் படிக்கிறீங்க" என்றாள். கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர், "பயப்படாதீங்க ஐயா, எல்லாப் பேப்பர்லயும் அப்பிடித்தான் போடுவாங்க" என்றார். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் கூடியது. எல்லாப் பேப்பரிலுமா?

வெள்ளிக்கிழமை போனில் உன்னிடம் கேட்டேன். "உங்க இஷ்டம் அப்பா, அவள வளக்கிறது நீங்கதானே" என்று சொல்லிவிட்டு அழுதாய். ஏன் அழுதாய் என்று இன்னும் தெரியவில்லை.

நேற்று விசாலி கட்டிவைத்த பையைப் பிரித்து, உடுப்பை அலுமாரியில் திருப்பி வைத்தாள். "பரவாயில்ல தாத்தா, நான் போகல்ல" என்றாள். கோபமே இல்லை. நீ குவைத்துக்குப் போகும்போது, "பரவாயில்ல அப்பா, ரெண்டே வருசம்" என்றாயே, அதே குரல். அப்போது அவளுக்கு ஐந்து வயது. இப்போது பதினைந்து.

இன்று காலை கையெழுத்து வைத்தேன். பழனியாண்டி என்று முழுதாக. கோடு போதாமல் கடைசி எழுத்து வெளியே போய்விட்டது. அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் செய்தது சரியா பிழையா? இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது அவள் போய்விட்டு வந்திருப்பாள். இனி நீ பதில் சொல்லியும் பயனில்லை. ஆனாலும் சொல்.

இன்னொன்று. நீ போகும்போது, பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன் என்று ஒரு பேப்பரில் என் பெருவிரலை வைத்தார்களே, அதன் கொப்பி உன்னிடம் இருந்தால் அனுப்பு மகள். அதில் எத்தனை வருடம் என்று போட்டிருந்தது? நானே வாசிக்க வேண்டும்.

முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. வியாழக்கிழமை விசாலி ஈரச் சப்பாத்தோடு வாசலில் வந்து நின்றதும் மறுபடி எழுத உட்காருவேன்.

உன் அப்பா
பழனியாண்டி