ஒரு மணி ஐந்து நிமிடம்

மண்ணூர்,
9-8-1991

அன்பு மகள் ஜெர்சிக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாதே. அதற்காகத்தான் உன் பள்ளித் தலைமைச் சகோதரியின் பெயருக்கு அனுப்பினேன். உள்ளே விமான டிக்கெட் இருக்கிறது. வரும் புதன்கிழமை, மதுரையிலிருந்து சென்னை. உன் பெயரோடு அப்பா பெயரைச் சேர்க்கச் சொன்னேன், கட்டியவர் ஜெபர்சன் பெயரை அல்ல.

விமானமா என்று திகைக்காதே. உன் வீட்டுக்காரர் லாரி ஷெட் வைத்திருப்பவர். பஸ் நிலையத்திலும் ரயிலடியிலும் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. விமான நிலையத்தில் ஒருவரும் இல்லை. சாலை வழி நானூற்று அறுபது கிலோமீட்டர், பஸ்ஸில் பதினோரு மணி நேரம். ஆகாய வழி ஒரு மணி ஐந்து நிமிடம். விமானம் பதினொன்று நாற்பதுக்கு. மதிய இடைவேளையில் நீ சோறு போட அவர் வீட்டுக்கு வருவது ஒன்றரைக்கு. உன்னைத் தேடத் தொடங்கும்போது நீ பூந்தமல்லியை நெருங்கியிருப்பாய். ஒரு நாளைக்கு ஒரே விமானம்தான். அவர் தரை வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

போன தடவை நடந்ததை எழுதாமல் விடக் கூடாது. காதோரம் தையலோடு நீ இங்கே வந்து சேர்ந்த அன்று, அவருக்குத் தந்தி அடித்தது நான்தான். கட்டியவருக்குச் சொல்லாமல் பெண்ணை வைத்துக்கொள்வது மரியாதை இல்லை என்று நினைத்தேன். கான்வென்ட் படிப்பு தந்த புத்தி. மறுநாள் விடியும்போது வந்து நின்றார். கேட்டைத் திறந்தவளும் நான். காபி கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையைச் சரியாகத் தட்டில் வைத்தார். பிறகு உன் கூந்தலைப் பிடித்து இழுத்து, உன் கையை நிலையில் வைத்துக் கதவை அறைந்தார். இரண்டு முறை. விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மெதுவாகப் பேசுங்கள், அக்கம்பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுதான் நான் சொன்னேன். உன்னிடம், ரத்தம் தெரியாதபடி புடவையை மாற்றி, தலை வாரிக்கொண்டு போ என்றேன்.

பக்கத்து வீட்டு ராஜம்மா வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள்: "இன்னா டீச்சரம்மா, பொண்ண இஸ்துகினு போறான், நீ கேட்டைத் தொறந்து வுட்டுகினு நிக்கிறியே?" படிக்காதவள் என்று பதில் சொல்லவில்லை. நான்கு மாதமாக அதற்குப் பதில் தேடுகிறேன்.

இப்போது விலா எலும்பு முறிவு என்று சகோதரி எழுதியிருக்கிறார். இனி அவனை அவர் என்று எழுத என் கை வராது.

மீனம்பாக்கத்தில் ராஜம்மாவின் கணவர் தணிகாசலம் வேனோடு நிற்பார். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் சாலையில் போலீஸ் சோதனை உண்டு. கேட்டால் அன்னபுஷ்பம் டீச்சர் மகள் என்று சொல்.

அவன் வியாழன் விடியலில் வருவான். வரட்டும். கேட்டுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. பக்கத்தில் கடப்பாரை சாத்தியிருக்கிறேன். எழுபத்தொரு வயதில் தூக்க முடிகிறதா என்று தினமும் பார்க்கிறேன். முடிகிறது. கம்பிக்குள் கையை நீட்டினால் கம்பியோடு சேர்த்து அடிப்பேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கொடுக்க முடியாது என்றார் சாமியார். செய்துவிட்டு வருகிறேன் என்றேன்.

பெட்டி வேண்டாம். பள்ளிக்குப் போவதுபோலக் கைப்பையோடு கிளம்பு. இந்த முறை நான் யாருக்கும் தந்தி அடிக்க மாட்டேன். மாதா உன்னை மேலே பத்திரமாக வைத்திருக்கட்டும். ஏறிவிடு, கண்ணே. தலை வாரியிருக்க வேண்டாம், அப்படியே வா.

கேட்டருகில் நிற்கும்,
அம்மா