வெட்டு மெசின் வாற நாள்

கல்முனைக்குடி
25.01.2026

அன்புத் தங்கச்சி ஹுஸ்னியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரு வருஷமா நீ என்ட போனை எடுக்கிறல்ல. அதனால எழுதுறன். கால் முறிஞ்சு கிடந்த உன்ட மாப்பிள்ளை, மச்சான், இப்ப காலூன்றி நடக்கிறாராம். கேட்டுச் சந்தோசம்.

போன வருஷ அறுவடையில நடந்தது என்ட பிழைதான். ஒரே ஒரு நெல்லு வெட்டு மெசின வெச்சிக்கிட்டு கேட்ட எல்லாருக்கும் "நாளைக்கு" எண்டன். சத்தம் போட்டவங்கட வயலுக்கு முதல்ல விட்டன். தங்கச்சிதானே, பொறுத்துக்கொள்ளுவா எண்டு உன்னைத் தள்ளினன். பத்தாம் நாள் மழை. உன்ட நெல்லு வேளாண்மை தண்ணிக்குள்ள கிடந்ததைப் பார்க்க வர எனக்கு முகமில்லை.

இந்த முறை முதல் வெட்டு உனக்குத்தான். சனிக்கிழமை மெசின் வரும்.

உன்ட காக்கா,
முஸ்தாக்

பாலமுனை
28.01.2026

காக்காவுக்கு,

மெசின இப்ப அனுப்ப வேணாம். நான் பிந்தித்தான் விதைச்ச. கதிர் இன்னும் பச்சை. முந்தி வெட்டினாலும் நட்டம்தான். பக்கத்து அச்சிமுகம்மது நானாட வயல்தான் பழுத்துச் சாயுது.

நெல்லு போனதுக்கு மட்டும் நான் அழல்ல. ஒன்பது நாளும் விடியக்காலையிலேயே லொறிக்கும் ஆளுக்கும் சொல்லி, சாக்கோட வரம்பில நிண்டன். "வராது" எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா வேற மெசின் பிடிச்சிருப்பன்.

முதலிடம் வேணாம். நடக்கிற மாதிரி ஒரு நாளைச் சொல்லுங்க.

ஹுஸ்னியா

கல்முனைக்குடி
06.02.2026

அன்புத் தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன்ட கடிதத்தைப் படிச்சிட்டு, எந்த வயல் எப்ப பழுக்கும், எத்தனை மணித்தியாலம் எடுக்கும் எண்டு எழுதி, ஆளாளுக்கு ஒரு நாள் குறிச்சன். போன முறை மாதிரியே அஷ்ரப் தன்ட வயலுக்கு முந்திக் கேட்டுக் கத்தினான். குறிச்ச நாளை மாத்தல்ல.

உனக்குப் பத்தாம் திகதி எண்டு சொல்லியனுப்பினன். நேத்து மெசின்ட பெல்ட் அறுந்திட்டுது. பத்தாம் திகதி வராது. பன்னிரண்டு, வியாழக்கிழமை. லொறிக்காரனுக்கு இப்பவே சொல்லு. சரிவராட்டி வேற மெசின் பிடி, நான் கோவிக்க மாட்டன்.

முஸ்தாக்

பாலமுனை
13.02.2026

காக்கா,

நேத்து நான் வயலுக்குப் போகக்குள்ள மணி ஏழு. நீங்களே மெசின ஓட்டிக்கிட்டு இறங்கிட்டீங்க. பகல் லுஹர் தொழுகைக்கு முந்தி மூண்டு ஏக்கரும் முடிஞ்சிது. நெல்லு நல்லாக் காஞ்சிருக்கு, ஒரு நெல்மணிகூட நனையல்ல. உங்கட மச்சான் கதிரையப் போட்டுக் குந்தி, மூட்டைகளையே பார்த்துக்கிட்டு இருந்தார். நான் சோறு திண்டு, பகல்லயே படுத்துத் தூங்கினன். எத்தனையோ நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம்.

நீங்க போகக்குள்ள வரம்பில நிண்டு எனக்கு ஸலாம் சொன்னீங்க. நான் மூட்டைப் பக்கம் திரும்பிட்டதைக் கோவம் எண்டு நினைச்சிருப்பீங்க. கோவமில்ல. அழுறதைக் காட்டத்தான் விருப்பமில்ல. நேத்துச் சொல்லாத பதிலை இப்ப சொல்றன்.

வஅலைக்குமுஸ்ஸலாம், காக்கா.

உங்கட தங்கச்சி,
ஹுஸ்னியா