ரெண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

என் சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கச்சி காளீஸ்வரியும் இங்கே ஒருத்திக்கு ஒருத்தி துணையாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும் என்று தினமும் விளக்கு முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். அஞ்சாவது படித்தவள் எழுத்து, கோணலாக இருந்தாலும் பொறுமையாக வாசி. போனில் சொல்ல வாய் வரவில்லை, சோழபுரத்துப் பாண்டிதுரை லீவு முடிந்து அங்கே கிளம்புகிறான், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

உன் அப்பா போய் அஞ்சு மாசம் ஆகிறது. பேண்டேஜ் கம்பெனிக்குக் கிளம்பும்போது இன்னமும் ரெண்டு தூக்குவாளியை எடுத்துச் சோறு போட்டுவிட்டு, பிறகு ஒன்றைத் திரும்பக் கொட்டுகிறேன். லீவு கிடைக்காமல் நீ போனிலேயே அவர் முகத்தைப் பார்த்து அழுதது கண்ணிலேயே நிற்கிறது, அது உன் தப்பில்லை கண்ணு. இப்போது காளி பிளஸ் டூ முடித்துவிட்டாள், காலேஜுக்கு எழுதிப்போட செவ்வாய்க்கிழமை கடைசி நாள் என்றார்கள். அவளுக்கும் கணக்கு மேல்தான் ஆசை, எல்லாம் நீ போனில் சொல்லிக்கொடுத்தது. உன் சித்தப்பா வேலுசாமி வந்து, கணக்கப் படிச்சு என்னத்த எண்ணப் போறா மதினி, அக்கா மாதிரி நர்சிங் சேத்து விடுங்க, மறுநாளே வேலை என்று ஒரே பிடியாக நின்றார். எனக்கும் அந்தப் பயம்தான்.

நீ படிப்பு முடித்த வருசமும் இதே பேச்சுத்தானே. அப்பாதான், சாமியே சொல்லட்டும் என்று மடவார் வளாகம் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னார். வெள்ளை வந்தால் நர்சிங், சிவப்பு வந்தால் கணக்கு. பொட்டலம் கட்டியது நான். நாள் பூராவும் புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணி மடிக்கிற கை, ரெண்டும் ஒன்று போலவே இருந்தது. பக்கத்து வீட்டு மாரிசெல்வியை, அப்போது அவள் சின்னப் பிள்ளை, ஒன்றை எடுக்கச் சொன்னோம். வெள்ளை அரளி. நீயும் கும்பிட்டாய். சிட்டு, ரெண்டிலும் நான் வெள்ளைப் பூவைத்தான் வைத்திருந்தேன். மற்றதைப் பிரிக்காமல் மடியில் சொருகி வந்து ஓடையில் போட்டேன். மில்லில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம், நீயும் படித்துவிட்டு வேலையில்லாமல் என்னைப் போலப் பஞ்சுக்குள் வந்து நிற்பாயோ என்று பயந்தேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. எம்மக சாமி காட்டுன வழியில போனவ என்று ஊரெல்லாம் சொல்வார், கடைசிவரை நம்பியே போய்விட்டார். நீ இங்கே டீச்சராக இருந்திருந்தால் அவர் வாயில் உன் கையால் தண்ணீர் விழுந்திருக்குமே என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

போன வெள்ளிக்கிழமை காளிக்கும் பூக்கட்டப் போனேன். கை தன்னால் ரெண்டு வெள்ளையை எடுத்தது. அவள் பக்கத்தில் நின்று, அக்காவுக்கு வந்ததுதான் எனக்கும் வருமாம்மா என்றாள். பொட்டலமே கட்டவில்லை, பூவை அப்படியே அம்மன் காலில் போட்டுவிட்டு, ஏட்டி, ஒனக்குப் பிடிச்சத எழுதிப்போடு என்றேன். வேல கிடைக்கலன்னா ஏசுவியே என்றாள். ஏசுவேன், சோறும் போடுவேன் என்றேன். அம்புட்டுச் சிரிப்பு அவளுக்கு, அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். திங்கட்கிழமை போய்க் கணக்குக்கே பதிந்துவிட்டாள்.

கோபம் வந்தால் போனில் நல்லா ஏசு, வாங்கிக்கொள்கிறேன், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. எத்தனை பேர் காயத்தைத் துடைக்கிறாயோ அத்தனை பேர் புண்ணியமும் உன்னைக் காக்கும், நீ நூறு வயசு இருக்கணும். ஊறுகாய் பாட்டிலில் ஈரக் கரண்டியைப் போட்டுவிடாதே.

உன் அம்மா,
குருவம்மாள்,
இராஜபாளையம்.

மடித்துவிட்டு மறுபடி பிரித்தேன். அன்றைக்கு ஒரு பொட்டலத்திலாவது சிவப்புப் பூவை வைத்திருந்தால், அந்தப் பிள்ளை கை எதன்மேல் போயிருக்கும் சிட்டு?