கிட்டங்கித் தெருவில் தேர்

யட்டியாந்தோட்டை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பெயின்ட் நாற்றம் மூக்கில் அடித்தது. நீயும் நானும் ஒன்றாகப் படித்த காலேஜுக்குக் கீழே இருக்கும் கிட்டங்கித் தெருவுக்கு நகரசபைக்காரர்கள் மஞ்சள் பூசிவிட்டார்கள். வெள்ளைக்காரன் கிட்டங்கி கட்டிக் கோப்பி மூட்டை அடுக்கிவைத்த தெரு, நீ செத்துப்போன பிறகு 'பாரம்பரியத் தெரு' ஆகியிருக்கிறது. துரையின் குதிரையைக் கட்டிய வளையத்துக்குக்கூட விளக்கப் பலகை உண்டு. மூட்டை சுமந்த நம் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திறப்பு விழாவில் சால்வை போட்டுக்கொண்டு பல்லைக் காட்டியவர்களில் நம் கோயில் தலைவரும் ஒருவர்.

அதோடு விட்டார்களா? நம் தோட்டத்து மாரியம்மன் தேர் இனி அந்தத் தெருவுக்குள் வரக் கூடாதாம். சக்கரம் பட்டால் கல் தேயுமாம். சுற்றுலாக்காரர்களின் வேன் போனால் மட்டும் தேயாதாம். மீன் சந்தைக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். தலைவர் சரியென்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். வேறு எதற்கும் அந்தத் தலை பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

நாம் டீச்சர் வேலைக்குப் படித்த வருடம், ஒரு பொலிஸ்காரர் இதே கிட்டங்கித் தெருவில் தேரை மறித்தாரே. ஆம்பிளைகள் வடத்தைப் போட்டுவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். நீ வடத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்தாய்.

"ஏம்புள்ள நின்னுக்கிட்டு இருக்க? ஒக்காரு. நம்ம ஆத்தா பின்வாசல் வழியா வர்றவ இல்ல" என்றாய் என்னிடம்.

நான் உட்கார்ந்தேன். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். முக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா எல்லோருக்கும் பிளேன்டீ அனுப்பினார். பொலிஸ்காரருக்கும் ஒன்று போனது. குடித்துவிட்டு அவர் வழியை விட்டார்.

நேற்றுக் கோயில் கூட்டத்தில் தலைவர், "நாம கொஞ்சப் பேருதானே டீச்சர், அனுசரிச்சுப் போவோம்" என்றார். நீ இருந்திருந்தால் சிரித்தே அவரைக் கொன்றிருப்பாய். எனக்கு அருவருப்புதான் வந்தது.

"நீங்க சாக்கடைப் பக்கமாப் போங்கய்யா. சால்வையில சேறு படாமப் பாத்துக்குங்க. பொம்பளைங்க நாங்க தேரோட தெருவுக்குள்ள போறோம்" என்றேன். தோட்டத்து மேல் டிவிசன் பெண்கள் கை தட்டினார்கள்.

உன் சேலையோ புத்தகமோ என்னிடம் இல்லை. உன் திமிர் மட்டும் இருக்கிறது. அது உன்னோடு போய்விட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை தேர். எனக்கு இப்போது முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க முடியாது. மறிக்க வருகிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு வரட்டும்.