ஒரு முடிக்கு ஒரு நிமிடம்

மார்ச் 4, சனி

கடும் வெயில். குழாயில் தண்ணீர் நூல்போல. ரப்பர்ப் பால்மரங்கள் இலை உதிர்க்கும் காலம், கோலா கெத்தில் ஊருக்குப் போகும் பஸ் முழுக்கச் சருகும் புழுதியும்.

காலை வேலை: பெண்களின் முகத்தில் முடி எடுக்கும் ஊசியைக் கொதிக்கவைத்தது. ஸ்பிரிட், பஞ்சு. பேட்டரியின் இரண்டு கம்பியையும் உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்த்தது. அதிகம் குமிழி வரும் கம்பியில்தான் ஊசி. தினமும் பார்க்கிறேன். இந்தத் தொழிலின் முதல் வருடம் ஒரு நாள் பார்க்காமல் மாற்றிக் கொடுத்து, எஸ்டேட் கணக்கர் கிராணியார் மனைவிக்கு மேலுதட்டில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. பச்சை குத்தியதுபோல நிரந்தரம். வேதக்கோயிலில் அவள் இருப்பது எனக்கு முன் வாங்குப் பலகையில். ஞாயிறுதோறும் தண்டனை.

வந்தவர்கள்:
தையற்கடைச் சீனப் பெண், மேலுதடு, 15 முடி.
தனம், நாடி, 28.

தனம் (இனி த.) எஸ்டேட் பிள்ளைக் கொட்டகையில் குழந்தை பார்க்கிறவள். வயது இருபது. ஆண்பிள்ளை போல நாடியிலும் கழுத்திலும் தடித்த முடி. விடிய முன்னர் அப்பாவின் பிளேடால் மழிப்பவள், என்னிடம் வர மூன்று நாள் முன்பே நிறுத்தவேண்டும். முடி தெரிந்தால்தானே ஊசி போகும். அந்த மூன்று நாளும் பல்வலி என்று முகத்தில் துண்டு.

"எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெசர் பல்ல புடுங்கியே ஆவணும்ங்கறாரு மிஸ்ஸி. நல்ல பல்லு. எது வலிக்குதுன்னு கேட்டா ஒவ்வொரு தடவ ஒவ்வொண்ண காட்டறேன்."

சிரித்ததில் ஊசி தவறியது. நான் நர்ஸ் வேலையை விட்டு எத்தனையோ காலம், எஸ்டேட் ஆட்களுக்கு இன்னும் மிஸ்ஸிதான்.

மார்ச் 9, வியாழன்

பினாங்கிலிருந்து பெட்டி வந்தது. அலை மெஷின். ரேடியோ அலைச் சூட்டில் முடி எடுப்பது, டவுன் கரண்டில் ஓடுவது. இடது கையில் சோதித்தேன்.

பேட்டரி ஊசி: வேர்வரை இறக்கி ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். ஈரத்துணி சுற்றிய பித்தளைத் தண்டு வந்தவள் கையில். துளை வாயில் வெள்ளை நுரை. முடி வழுக்கிக்கொண்டு வரும். இழுபட்டால் வேர் சாகவில்லை.

அலை மெஷின்: தண்டு வேண்டாம். இரண்டு விநாடி. சூட்டில் வேர் வேகிறது. அடுத்தடுத்த முடியைத் தொடக்கூடாது, தோல் வெந்துவிடும். வளைந்த வேரானால் சூடு அடிவரை போகாது, கொஞ்சம் திரும்ப முளைக்கும்.

மெதுவானது நிச்சயம். வேகமானது வேகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரவுக்கு ஒரு பிடி அரிசி. அதிலும் மிச்சம்.

மார்ச் 11, சனி

படி ஏறும்போதே த. கடிதத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். மே முதல் தேதி போய்ச் சேரவேண்டும். மனு எழுதிக் கொடுத்ததே நான்தான். கிடைக்கும் என்று நினைத்து எழுதினேனா?

"எட்டுப் பேருக்கு ஒரு ரூமாம் மிஸ்ஸி. குளிக்கற எடத்துக்குக் கதவில்ல, படுதாதான். நான் எங்க போயி செரைக்கறது? அதுக்குள்ள முடிஞ்சிரும்ல?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இன்னும் ஐந்நூறாவது இருக்கும். இன்றைக்கும் சேர்த்து எட்டுச் சனிக்கிழமை. ஒரு முடிக்கு ஒரு நிமிடம். வேரைத் தேடி இறக்க அதற்கும் மேல், ஒரு நாளைக்கு முப்பது தாண்டாது. பாதிகூட வராது. கணக்கு அவளுக்கும் தெரிந்தது, முகம் வாடிவிட்டது.

மூலையில் துணி போட்டு மூடியிருந்ததைப் பார்த்துவிட்டாள். "அது என்னா, புது மெஷினா?"

"பழுது. வால்வு எரிஞ்சுபோச்சு. பினாங்குக்குத் திருப்பி அனுப்பவேணும்."

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. காலையில்தான் சீனப் பெண்ணுக்கு அதில் முப்பது எடுத்திருந்தேன். மெஷின் இன்னும் வெதுவெதுப்பு.

28.

மார்ச் 12, ஞாயிறு

கோயில். பிரசங்கம் நீளம். வெயில்.

இந்தக் கிழமை என்னோடு பேசியவர்கள்: மீன்காரன் ("கெம்போங்கா செலாரா?", எந்த மீன் என்று). கீழ்க்கடை முதலாளி தவுக்கே, தண்ணீர் ஒழுகுகிறது என்று. சீனப் பெண், சைகையில். பாதிரியார், "சுகமா?", பதிலுக்கு நிற்கவில்லை. வாடிக்கைக்காரப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு பின்படியால் வருவார்கள், பாசாரில் கண்டால் மறுபக்கம் பார்ப்பார்கள். அவர்களில் பிழையில்லை.

த. மட்டும் பேசுகிறாள். நாடியில் ஊசியோடு, உதட்டை அசைக்காமல் பேசப் பழகிவிட்டாள். யார் பிள்ளைக்குச் சிரங்கு, எந்தப் பெண் மாமியாருடன் சண்டை பிடித்துக்கொண்டு கொட்டகையில் வந்து படுத்தாள், எஸ்டேட் துரை துவானின் நாய் யாரைக் கடித்தது. சனி இரண்டு மணித்தியாலம். மற்ற ஆறு நாளும் அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

அவளுடையதுபோல் வளைந்த வேருக்கு மெதுவான முறையே நல்லது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதில் பொய்யில்லை. ஆனால் அதற்காக நான் மறைக்கவில்லை. அவள் போனால் எனக்கு ஒருவரும் இல்லை, அதற்காக மறைத்தேன். என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம். தனிமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 18, சனி

த. மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள், தேங்காய்ப்பூ தனியாக இலையில். இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஒரு தட்டு.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "முடியலன்னா நான் போவல மிஸ்ஸி. ஒடம்பு சரியில்லன்னு எழுதிப் போட்டுருவோம். பிள்ளக் கொட்டாயே எனக்குப் போதும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சு குளிர்ந்தது. எழுதவே வெட்கம். ஒரு பிள்ளையின் பிழைப்பு கெடுவதில் இந்த வயதில் எனக்கு ஒரு சந்தோஷம். தூ!

28.

மார்ச் 25, சனி

26. சொல்லவில்லை.

ஏப்ரல் 1, சனி

27. சொல்லவில்லை. அவள் கட்டிலில் இருந்து எழும்போது கால் தடுக்கித் துணி விலகியது. மெஷினைப் பார்த்து, "பாவம், இத எப்ப அனுப்பப் போறீங்க?" என்றாள். நானா பாவம், மெஷினா, தெரியவில்லை.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. முழங்கால் வலி. முன் வாங்கில் கறுப்புப் புள்ளிக்காரி திரும்பிப் பார்த்தாள். அன்றைக்குக் கை தவறியது, மன்னிப்புக் கேட்டேன். இது கை தவறியதல்ல.

நாளைக்குச் சொல்வேன். சொல்லியே தீரவேண்டும்.

ஏப்ரல் 8, சனி

சொல்ல வேண்டி வரவில்லை.

சித்திரை வருஷப் பிறப்புக்குச் சாமான் எடுக்க எஸ்டேட் லாரி டவுனுக்கு வந்ததாம். த. அதில் ஏறி ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். சீனப் பெண் கட்டிலில். அலை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் வாசலில் த., முகத்தில் துண்டு.

சீனப் பெண் போகும்வரை சுவரோடு நின்றாள்.

"பழுதுன்னீங்க."

திரும்ப முளைக்கும், உன் முடி தடித்தது, வேர் வளைவு என்று என்னவெல்லாமோ சொன்னேன்.

"அத சொல்லிருந்தா நான் யோசிச்சிருப்பேன்லா. பழுதுன்னுதானே சொன்னீங்க. நான் என்னா பண்ணேன் ஒங்களுக்கு?"

அப்போதுதான் உண்மை வந்தது. "நீ போனால் எனக்கு ஆருமில்லை, பிள்ளை."

துண்டை அவிழ்த்தாள், திரும்ப இறுக்கிக் கட்டினாள்.

"அதுக்கு என் மூஞ்சியவா புடிச்சு வைக்கறது?"

கத்தவில்லை. கத்தியிருக்கலாம். படி இறங்கிப் போய்விட்டாள். கூடையில் முட்டை நான்கு, எனக்குக் கொண்டுவந்தது, வாசலிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. முதல் மழை. முட்டை அப்படியே.

ஏப்ரல் 15, சனி

வரமாட்டாள் என்றுதான் இருந்தேன். ஆனாலும் ஊசி கொதிக்கவைத்தேன்.

வந்தாள். "அந்த மெஷின்ல செய்ங்க." அவ்வளவுதான்.

ஒன்று விட்டு ஒன்றாக 160. இரண்டு விநாடிக்கு என்ன பேசுவது? நடுவில் டவுன் கரண்ட் போய் அரை மணி. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, நான் ஊசியைப் பார்த்துக்கொண்டு. மன்னித்துக்கொள் என்றேன். "ம்" என்றாள். அது எந்த "ம்" என்று விளங்கவில்லை.

ஏப்ரல் 22, சனி

கழுத்து. 150. மழை. சிறிய பொருக்கு வரும், நகத்தால் கிள்ளாதே என்று சொன்னேன். தலையாட்டினாள். பல்வலி பற்றிக் கேட்டேன். "டிரெசர் லீவு" என்றாள். ஒரு சொட்டுச் சிரிப்பு, உடனே அடக்கிக்கொண்டாள். எனக்கு அது போதும் என்று எழுத வந்தேன். போதாது.

ஏப்ரல் 29, சனி

வானம் மூட்டம். நாளை மறுநாள் பயணம், ரயில் டிக்கெட் எடுத்தாயிற்றாம். புதுச்சேலை, கஞ்சி மொறமொறப்பு.

மிச்சம் இருந்தது 90. முடித்தேன். பூதக்கண்ணாடியால் மூன்று தரம் தேடினேன். இல்லை.

கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள். கழுத்தை உயர்த்தி, புறங்கையால் தடவி, திரும்பத் தடவி. கண் நிறைந்துவிட்டது. எனக்கும்.

"திரும்ப முளைக்குமா மிஸ்ஸி?"

"கொஞ்சம் முளைக்கும். இரண்டு மாதத்தில தெரியும். உடனே எடுத்தா பிறகு வராது."

"அப்ப இங்கதான் வரணுமா? இல்ல, அங்க அலோர் ஸ்டார்ல யாரும் செய்யறாங்களா?"

முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். ஊசியைத் துடைத்தேன். மாதம் ஒரு நாள் லீவு. ரயிலில் வரலாம். அங்கே ஒருவரும் இல்லை என்று சொன்னால் இங்கே வருவாள். நான் சொன்னால் இன்னும் நம்புவாள், அதுவும் தெரிந்தது.

ஒருத்தி இருக்கிறாள். கொழும்பில் என்னோடு இந்தத் தொழில் பழகியவள், இப்போது அலோர் ஸ்டாரில், அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் வீடு. கை என்னைவிட மென்மை. நன்றாகப் பேசுவாள்.

காகிதம் எடுத்துப் பெயரை எழுதிக் கொடுத்தேன். வழியும் வரைந்து கொடுத்தேன்.