கிழக்குப் பார்த்த தகடு

நேற்று பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஒரு ஸ்ட்ராபெரி வாங்கினேன். தின்பதற்கு அல்ல, பிளாஸ்டிக் விளக்கு. அதன் தலையில் தபால்தலை அளவுக்கு ஒரு கறுப்புத் தகடு. பகலில் வெயிலில் வைத்தால் இருட்டியதும் தானே எரியும் என்றாள் கடைக்காரப் பெண்.

"கேரண்டி இருக்காம்மா?"

"எரியிற வரைக்கும் கேரண்டிதான் அங்கிள்."

நீ இருந்திருந்தால் அந்தப் பதிலுக்காகவே இன்னொன்று வாங்கியிருப்பாய். நாம் மூன்று வாரம் பட்ட பாட்டை இப்போது பழ வடிவில் கூவி விற்கிறார்கள்.

எண்பதுகளின் நடுவில் உனக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்தது. முப்பது வருடம் தேயிலை லோரி ஓட்டியதற்கு நன்றி சொன்ன தோட்ட நிர்வாகம், அதே கடிதத்தின் இரண்டாம் பத்தியில் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து வீட்டை மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னது. தோட்டப் பள்ளி வாத்தியார் என்ற முறையில் அதை உனக்குப் படித்துக் காட்டியவன் நான். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத கடிதம்.

திரிங்காப் பக்கத்து மேட்டில் உனக்கு ஒரு முட்டைக்கோசுத் தோட்டமும், அதில் பலகையும் தகரமுமாக ஒரு குடிலும் இருந்தன. மின்கம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தங்கச்சிக்கோ, உன் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், மண்ணெண்ணெய்ப் புகை பட்டாலே மூச்சு இழுக்கும்.

"லைட்டு எரிஞ்சா வர்றேன். இல்லேன்னா ஈப்போவுல பெரியவன் வீட்டுக்குப் போயிடுறேன். நீங்க உங்க கோசோட குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் அல்ல என்பது நம் இருவருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்காகக் காட்டில் விட்டில் பூச்சி எண்ணிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பினார். இரண்டு வருடம் அவருடைய சாமான்களை ஏற்றி இறக்கியதற்கு நன்றியாக ஒரு சூரியத் தகடு, ஒரு முழ நீளக் குழல்விளக்கு, ஒரு விளக்கப் புத்தகம் மூன்றையும் உன்னிடம் கொடுத்தார். நீ தகட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாய். மூன்றாம் வகுப்புக்கு அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை. முற்றத்தில் தகட்டை வைத்து, விளக்கை நேராக அதில் மாட்டினோம். பட்டப்பகலில், கொளுத்தும் வெயிலில், விளக்கு எரிந்தது. யாருக்கும் பயன்படாத அந்த வெளிச்சத்தைப் பார்த்து நாம் இருவரும் குதித்தோம்.

அடுத்த வாரமே வேலையைத் தொடங்கினோம். பழைய லோரி பேட்டரிகள் இரண்டில் அமிலத் தண்ணீர் மாற்றினாய். இரவில் மின்சாரம் வந்த வழியே தகட்டுக்குத் திரும்பிவிடாமல் தடுக்க, தகட்டின் கம்பியில் விரல் நுனி அளவில் டயோடு என்று ஒரு துண்டு இருந்தது.

"இது மாதிரி ஒண்ணு எங்க மருமகனுக்கு மாட்டணும் வாத்தியாரே. மாசத்துக்கு நாலு தடவ மககிட்ட கோவிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துடுறான்லா" என்றாய்.

பிறகு புது லோரிக்குச் செய்வதுபோலப் பேட்டரிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாய். டயர் இல்லாததால் பழம் நசுங்கவில்லை. நீயே காலால் மிதித்தாய்.

புத்தகம் என் பொறுப்பு. அகராதியோடு நான்கு நாள் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். தகடு தெற்குப் பார்த்து, சரிவாக நிற்க வேண்டும் என்று அதில் இருந்தது. தினமும் காலையில் உறைபனியைத் துடைக்க வேண்டும் என்றும் இருந்தது. இந்த மலையில் உறைபனி விழுந்ததே இல்லை, இருந்தாலும் ஒரு துணி வாங்கி வைத்தேன். நான் எதையும் விடுகிறவன் அல்ல.

மூன்று நாள் தகடு குடிலின் கூரையில் தெற்கைப் பார்த்து நின்றது. மூன்றாம் நாள் மாலை விளக்கு ஊதுபத்தி நுனி அளவுக்கு மினுங்கிவிட்டு அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி பார்க்க வருவதாக இருந்தது. இடையில் மூன்று நாள்தான்.

நீ ஏணியை எடுத்தாய்.

"கிழக்கப் பார்த்துத் திருப்பப் போறேன்."

"புத்தகத்துல தெற்குன்னு போட்டிருக்குய்யா."

"உன் புத்தகத்துல பனிமூட்டம் போட்டிருக்கா? முப்பது வருஷம் லோரி ஓட்டியிருக்கேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஹெட்லைட் போடாம இந்த மலையில நான் எறங்கினதே இல்ல. காலையில அடிக்கிறதுதான் நமக்கு வெயிலு. மத்ததெல்லாம் வெள்ளக்காரன் ஊரு வெயிலு."

நான் புத்தகத்தைப் புரட்டினேன். பனிமூட்டம் இல்லை. நீ தகட்டைக் கிடத்தி, கிழக்கே தேயிலை மலைப் பக்கம் சற்றே சாய்த்து ஆணி அடித்தாய். இறங்கி வந்ததும் புத்தகத்தைப் பிடுங்கி என் முன்னால் விரித்தாய்.

"வாத்தியாராச்சே, தப்ப அப்படியே விடலாமா? திருத்து."

சிவப்பு மையில் 'தெற்கு' என்பதை அடித்து, மேலே 'கிழக்கு' என்று எழுதினேன். கையெழுத்தும் போடச் சொன்னாய். போட்டேன்.

ஞாயிறு மாலை மூட்டத்துக்குள் நடந்து வந்தாள் தங்கச்சி. பெஞ்சில் உட்கார்ந்தவள் கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை. இருட்டியதும் நீ பொத்தானை அழுத்தினாய். பலகைச் சுவரின் கணுக்கள் முதல் கூரைத் தகரத்தின் துரு வரை எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தன. உனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டினால் அணைந்துவிடுமோ என்று பயந்து நின்றாய்.

"எவ்வளவு நேரத்துக்கு அண்ணே?" என்று என்னைக் கேட்டாள்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ பேட்டரியைப் பார்த்தாய்.

"சரி, உக்காந்து பாக்குறேன்."

மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒன்பது மணிக்கு, வழக்கம்போல, கீழே தோட்டத்து ஜெனரேட்டர் நின்றது. துரை பங்களாவைத் தவிர லயம் முழுக்க ஒரே வீச்சில் இருண்டது. நம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தங்கச்சி எழுந்துபோய் வாசலில் நின்று, முப்பது வருடம் குடியிருந்த இருட்டைப் பார்த்தாள். திரும்பி வந்து பையைச் சுவர் ஆணியில் மாட்டினாள்.

"நாளைக்கே அம்மிக்கல்ல ஏத்திட்டு வந்துடுங்க."

அம்மிக்கல்லை நானும்தான் தூக்கினேன். முதுகு இன்னும் அதை மறக்கவில்லை.

நீ அந்த வெளிச்சத்தில் பதினோரு வருடம் இருந்தாய். புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது, என் கையெழுத்தோடு. ஸ்ட்ராபெரிப் பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம் வந்தது: வெயில் படும் எந்தப் பக்கமும் வைக்கலாம் என்று நான்கு மொழிகளில். இன்று காலை சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, நான்கையும் அடித்து, 'கிழக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது மணி இரண்டு. மூட்டம் இறங்குகிறது.